லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சுக் குடும்பப்பெயர்: 'பி' உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வம்சமா?

ரூபே மாமா:

வணக்கம். பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஒன்றிரண்டு பேர் இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன், அதனால்தான் கேட்கிறேன்.

என் மகளைக் கட்டியிருக்கும் மாப்பிள்ளையின் குடும்பப்பெயர் லெஃபேவ்ர். எல்-இ-எஃப்-இ-பி-வி-ஆர்-இ (Lefebvre) என்று எழுதுகிறார்கள், நடுவில் இருக்கும் அந்த பி-யை (b) யாரும் வாயால் சொல்வதில்லை. நாங்கள் இருப்பது லில் நகரத்தை ஒட்டிய ரூபே. இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு லெஃபேவ்ர் மேல்தான் விழவேண்டும், தபால்பெட்டி, கடைப்பலகை, கல்லறை எங்கே பார்த்தாலும் இதே பெயர். ஆனால் சிலர் பி இல்லாமல் எழுதுகிறார்கள், ஒருவர் லெஃபேபூர் என்கிறார், இன்னொருவர் லெஃபோவ்ர்.

சம்பந்தி தங்கமான மனிதர். குடும்பப் பெருமை பேச ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் நீளும். பி வைத்து எழுதுகிறவர்கள்தான் அசல் குடும்பமாம், மற்றவர்கள் பிற்பாடு முளைத்த கிளைகளாம். நெப்போலியனின் படையில் இருந்த மார்ஷல் லெஃபேவ்ர் தங்கள் முன்னோர் என்கிறார். அதற்குச் சாட்சியாகத் தபாலில் வரவழைத்த ஒரு குலச்சின்னத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அதை விற்ற கம்பெனிக்கு என் விலாசம் எப்படிக் கிடைத்ததோ, எங்கள் குடும்பப்பெயருக்கும் பழைய பிரெஞ்சுக் குலச்சின்னம் ஒன்று இருப்பதாகவும் பணம் அனுப்பினால் அச்சிட்டுத் தருவதாகவும் கடிதம் போட்டார்கள். சுத்தமான தமிழ்ப் பெயருக்கு!

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, பி விவகாரம் உண்மையில் என்ன, இன்றைக்கு பிரான்சில் இந்தப் பெயர் எவ்வளவு பரவலாக இருக்கிறது. சம்பந்தியிடம் சண்டை போடும் எண்ணம் இல்லை, அவர் சொல்வதில் எதற்குத் தலையாட்டலாம் என்று தெரிந்தால் போதும்.

---

பதிவேட்டுப் பித்தன்:

ஐயா, கொல்லன். அவ்வளவுதான் அர்த்தம். லெ என்பது ஆங்கிலத்து 'தி' போல முன்னால் ஒட்டிக்கொண்ட சுட்டு, மிச்சம் ஃபேவ்ர், அதாவது இரும்படிக்கிறவர்.

லத்தீனில் ஃபாபெர் என்று ஒரு சொல் இருந்தது. கெட்டியான பொருளை வைத்துக் கைவேலை செய்கிற யாரையும் அப்படிச் சொல்வார்கள், தச்சரைக்கூட. போகப்போக அது உலோக வேலைக்காரருக்கு மட்டும் என்று சுருங்கி, பழைய பிரெஞ்சில் ஃபேவ்ர் ஆனது. இன்றைக்கு பிரெஞ்சுக்காரர்கள் கொல்லனை ஃபோர்ழரோன் என்கிறார்கள், ஃபேவ்ர் தனிச்சொல்லாக வழக்கொழிந்துவிட்டது. பொன்வேலை செய்பவருக்கான ஓர்ஃபேவ்ர் என்ற சொல்லில் மட்டும் உயிரோடு இருக்கிறது. பாரிஸ் குற்றப்புலனாய்வுப் போலீசின் தலைமையகம் வெகுகாலம் இருந்த கே தெஸ் ஓர்ஃபேவ்ர், அதாவது பொற்கொல்லர் கரை, எல்லாரும் கேள்விப்பட்ட இடம்தானே, அதில் இருப்பதும் இதே ஃபேவ்ர்தான். தொழிலுக்கான சொல் செத்துப்போய், பெயர் மட்டும் லட்சக்கணக்கானவர்களின் அடையாள அட்டையில் நிற்கிறது. அதனால்தான் லெஃபேவ்ர் என்று பெயர் வைத்திருக்கும் பலருக்கே தங்கள் பெயருக்குப் பொருள் தெரியாது.

பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளுக்கு முன் பிரான்சில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே பெயர்தான், ஞானஸ்நானத்தின்போது வைத்தது. மக்கள்தொகை பெருகப் பெருக, ஒரு சில புனிதர்களின் பெயரையே எல்லாருக்கும் வைக்க வைக்க, ஊருக்குப் பத்து பியேர், பத்து ழான் என்று ஆகிவிட்டது. பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் தேவைப்பட்டது. தகப்பன் பெயர், சொந்த ஊர், உடம்பின் அடையாளம், தொழில். 1292-ஆம் ஆண்டின் பாரிஸ் வரிப்பட்டியலைப் பார்த்தால் ஆளின் பெயருக்குப் பின் 'லெ ஃபேவ்ர்' என்று வரும், அது அவர் செய்யும் வேலையா, அப்பாவிடமிருந்து வந்த பெயரா என்று பல இடங்களில் சொல்லவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் நின்ற காலம் அது. இன்னும் சில தலைமுறை போனபின் மாவு அரைக்கிறவருக்கும் லெஃபேவ்ர் என்று பெயர் இருக்கும், யாரும் அதை விசித்திரமாக நினைக்கமாட்டார்கள்.

இப்போது பி. சம்பந்திக்குக் கொஞ்சம் கசக்கும். ஃபாபெர் ஃபேவ்ர் ஆனபோதே பி மறைந்துபோய்விட்டது, லெஃபேவ்ரின் உச்சரிப்பில் அது எந்தக் காலத்திலும் திரும்பி வரவில்லை. இடைக்காலத்தின் கடைசியில், சுமார் 14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை, எழுத்தர்களுக்கு லத்தீன் மோகம் பிடித்து ஆட்டியது. எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அதன் லத்தீன் மூலத்திலிருந்து ஓர் எழுத்தைக் கொண்டுவந்து செருகுவார்கள். அப்படிச் செருகியதுதான் இந்த பி. அதற்கு ஒரு நடைமுறைப் பயனும் இருந்தது: அந்தக் காலக் கையெழுத்தில் யு, வி இரண்டுக்கும் ஒரே வடிவம். பி இல்லாமல் எழுதினால் அடுத்து வருவது யு-வா வி-யா என்று குழப்பம். முன்னால் ஒரு பி வைத்துவிட்டால் அடுத்தது வி என்று வாசிப்பவருக்கு ஒரு சைகை கிடைக்கும். சைகை புரியாமல் அதை யு என்றே படித்தவர்களின் வாயில் அது லெஃபேபூர் ஆனது. உங்கள் பக்கத்து வீட்டு லெஃபேபூர் வந்த வழி அதுதான். லெஃபோவ்ர் என்பது மேற்குப் பக்கத்து உச்சரிப்பு, பிரெத்தாஞ் ஓரத்தில் அதிகம் கேட்கலாம்.

ஆக, எது முதலில் என்று பந்தயம் கட்டினால் பி இல்லாத வடிவம்தான் பழசு. ஆனால் அதை வைத்து எந்தக் குடும்பம் மூத்தது என்று சொல்லவே முடியாது, அதுதான் முக்கியம். 1539-இல் முதலாம் பிரான்சுவா போட்ட வில்லேர்-கொத்ரே ஆணைப்படி ஞானஸ்நானப் பதிவேடு வைப்பது கட்டாயம், 1579-இல் ப்ளுவா ஆணை திருமணத்தையும் அடக்கத்தையும் சேர்த்தது, 1667-இலிருந்து இரண்டு பிரதி வைக்கவேண்டும் என்று வந்தது. எழுதுகிறவர் பங்குச்சாமியார். காதில் விழுந்ததை அவர் பழக்கப்படி எழுதுவார், எதிரே நிற்பவருக்குப் பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாது, பெயருக்குப் பதில் ஒரு குறி போட்டுவிட்டுப் போவார். ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் பி இருக்கும், கல்யாணத்தில் காணாமல் போகும், அடக்கத்தில் யு-வோடு திரும்பி வரும். அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. 1792 செப்டம்பர் 20-இல் பதிவேடு நகராட்சியின் கைக்கு மாறியது, 1794 ஆகஸ்ட் 23-ஆம் தேதிச் சட்டம் பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது, 1877-இல் குடும்பப் பதிவுப் புத்தகம் வந்தது. எழுத்துக்கூட்டல் உண்மையில் உறைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். எந்த நாளில் எந்த குமாஸ்தா பேனாவைப் பிடித்தாரோ, அவர் எழுதியதே இன்றைக்குக் குடும்ப மரபு.

பி இல்லாதவர்களில் பலர் இ மேல் ஒரு சாய்கோடு போடுவார்கள், பி-யையும் அந்தக் கோட்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சித்ரோயன் கம்பெனியில் 2சிவி, டிஎஸ் கார்களுக்குப் பின்னால் இருந்த பொறியாளர் ஆந்த்ரே லெஃபேவ்ர் பெயரில் பி-யும் இருக்கும், இ மேல் சாய்கோடும் இருக்கும்.

---

ரூபே மாமா:

பித்தன் ஐயா, கோடி நன்றி. ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் என்பதைத்தான் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மார்ஷல் விஷயம்?

---

வரைபடக்காரி:

மார்ஷல் விஷயத்தை நான் சொல்கிறேன். பிரான்சுவா ழோசெஃப் லெஃபேவ்ர் 1755-இல் பிறந்தது ருஃபாக்கில், அல்சாஸில், கொல்மார் பக்கம். 1804-இல் மார்ஷல், 1807-இல் டான்சிக் முற்றுகையை ஜெயித்துக் கொடுத்து டான்சிக் கோமகன் என்ற பட்டம் வாங்கியவர். மனைவி கத்ரீன் ஹுப்ஷெர், அரசவையிலும் மனதில் பட்டதைப் பட்டென்று பேசிப் பேர் வாங்கியவர். இவர்களுக்குப் பிள்ளைகள் நிறைய, ஆனால் ஒருவரும் தகப்பனுக்குப் பின் உயிரோடு இல்லை. தளபதியாகும் வரை வளர்ந்த மகனும் 1812 ரஷ்யப் படையெடுப்பில் போய்விட்டார். 1820-இல் மார்ஷல் இறந்தபோது வாரிசு கிடையாது. ஆகவே அவர் வழிவந்த லெஃபேவ்ர் என்று ரூபேயில் யாரும் இருக்க வழியில்லை மாமா, எங்கேயும் இருக்க வழியில்லை. தூரத்து உறவு, ஒன்றுவிட்ட சகோதரர் வழி என்று சம்பந்தி அடுத்துச் சொல்லக்கூடும், தயாராக இருங்கள்.

குலச்சின்னத்தைப் பற்றியும் ஒன்று. பிரான்சில் குலச்சின்னம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம், பெயருக்குச் சொந்தமில்லை. லெஃபேவ்ர் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ சின்னங்கள் பதிவாகியிருக்கின்றன. அதிலும் 1696-இல் பதினான்காம் லூயி போர்ச்செலவுக்குப் பணம் புரட்ட எல்லாரையும் சின்னம் பதியச் சொல்லி ஆணை போட்டார், கட்டணம் வசூலிப்பதுதான் நோக்கம், சின்னமே இல்லாத வணிகருக்கும் கைவினைஞருக்கும் அதிகாரிகளே ஒன்றை வரைந்து தலையில் கட்டினார்கள். அந்தத் தொகுப்பில் அந்தப் பெயரில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து அச்சடித்து விற்பதுதான் இந்தத் தபால் வியாபாரம்.

எண்ணிக்கைக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. பிரான்சின் புள்ளிவிவர நிறுவனம் இன்சே பிறப்புப் பதிவுகளை வைத்துக் குடும்பப்பெயர்க் கோப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. அதை 1891 முதல் 1990 வரை நான்கு இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும் தளங்கள் உண்டு, மாவட்டவாரியாகப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் மர்த்தேன் முதலிடம், இரண்டு லட்சத்துக்கு மேல், அடுத்து வரும் பெர்னார் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. பிறகு தொமா, பெத்தி, ரொபேர், ரிஷார், துய்ரான் என்று போகும். பி உள்ள லெஃபேவ்ர் முதல் இருபதுக்குள் வந்துவிடுகிறது. பி இல்லாதது முதல் ஐம்பதுக்குள். இரண்டையும் தனித்தனிப் பெயராகத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் பெரிய எழுத்தில், உச்சரிப்புக் குறி எதுவும் இல்லாமல் இருக்கிறது, அதனால் பி இல்லாதவர்களில் சாய்கோடு போடுகிறவர்களும் போடாதவர்களும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். அப்புறம், இது பிரான்சில் பிறந்தவர்களின் கணக்கு. இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இணையத்தில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

வரைபடம்தான் சுவாரசியம். பி உள்ள லெஃபேவ்ர் அப்பட்டமான வடக்கத்திப் பெயர்: நோர், பா-த-கலே, சோம், அப்படியே மேற்கே சேன்-மரித்தீம். உங்கள் நோர் மாவட்டத்தில் முன்வரிசைப் பெயர்களில் ஒன்று, நீங்கள் தடுக்கி விழுவதில் ஆச்சரியமே இல்லை. எல்லை தாண்டி பெல்ஜியத்தின் எனோ பகுதியிலும் நிறைய. லெ என்ற சுட்டை முன்னால் ஒட்டுவதே வடக்கு, மேற்குப் பழக்கம், லெருவா, லெமேர், லெக்லேர் எல்லாம் அதே ரகம்.

தெற்கே இறங்கினால் இந்தப் பெயர் மெலிந்துபோகிறது. அங்கே கொல்லர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? அங்கே அதே ஃபாபெர் ஒக்சித்தான் மொழி வழியாக வந்து ஃபாப்ர் என்றும் ஃபோர் என்றும் ஆனது. அவேரோன், எரோ பக்கம் ஃபாப்ர், பூச்சியியல் அறிஞர் ழான்-ஆன்ரி ஃபாப்ர் பிறந்தது அவேரோனில்தான். த்ரோம், இசேர் பக்கமும் லிமூசான் பக்கமும் ஃபோர், ஜனாதிபதியாக இருந்த ஃபெலிக்ஸ் ஃபோர் பெயர் அது. இசையமைப்பாளர் காப்ரியேல் ஃபோரே பெயரும் இதே வேர்தான், அவர் பாமியேர்காரர். சவ்வாவிலும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சுப் பகுதியிலும் ஃபாவ்ர். இக்னேசியஸ் லொயோலாவோடும் பிரான்சிஸ் சவேரியாரோடும் பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்த பியேர் ஃபாவ்ர் சவ்வாக்காரர், 1506-இல் பிறந்தவர், 2013-இல்தான் புனிதர் பட்டம் கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. பிரெத்தோன் மொழியில் கொல்லன் லு கோஃப், ஃபினிஸ்தேர் போனால் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். இடைக்கால வரலாற்றாசிரியர் ழாக் லு கோஃப் அந்த வகை. அல்சாஸில் ஷ்மித். ஃப்ளாண்டர்ஸ் பக்கம், அதாவது உங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே, தெ ஸ்மெத். இவ்வளவு பேரையும் ஒரே கூடையில் போட்டால் கொல்லர் பெயர் மர்த்தேனோடு மல்லுக்கு நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். இங்கிலாந்தில் ஸ்மித் முதலிடத்தில் இருக்கிறது, பிரான்சில் கொல்லன் பதின்மூன்று பதினான்காம் இடத்தில் இருக்கிறான் என்று ஒப்பிட்டு எழுதுகிறார்களே, அதைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். அங்கே ஒரு மொழி, ஒரு எழுத்துக்கூட்டல். இங்கே ஆறேழு மொழிகளில் சிதறிக் கிடக்கிறது. பட்டியல் எண்ணுவது எழுத்துக்கூட்டலைத்தான்.

---

சும்மா வந்தவன்:

ஒரு சந்தேகம். எல்லா நாட்டிலும் கொல்லர் பெயர் இவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம், கொல்லர்களைப் போருக்கு அனுப்பமாட்டார்கள், ஊரிலேயே வைத்துக்கொள்வார்கள், அதனால் அவர்கள் வம்சம் மட்டும் தழைத்தது என்று எங்கோ படித்தேன். சரிதானா?

---

பதிவேட்டுப் பித்தன்:

கேட்க நன்றாக இருக்கும் கதை, நான் நம்பமாட்டேன். படை கிளம்பினால் குதிரைக்கு லாடம் அடிக்க, ஆயுதம் பழுதுபார்க்கக் கொல்லன் கூடவே போகவேண்டும், அவனை விட்டுவிட்டா போவார்கள்? அதைவிட எளிய காரணம் கண்முன்னே இருக்கிறது. பட்டப்பெயர் என்பது ஆளைப் பிரித்துக் காட்டத்தான். ஊரில் முக்கால்வாசிப் பேர் உழவர்கள், அதனால் உழவன் என்று கூப்பிட்டால் யாரையும் பிரிக்கமுடியாது. கொல்லன் ஊருக்கு ஒருவன், ஆனால் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒருவன் உண்டு. கலப்பைக்கொழு, குதிரைலாடம், கீல், ஆணி என்று எதற்கும் அவனிடம்தான் போகவேண்டும். ஊருக்குள் தனி ஆள், நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான ஆட்கள். இப்படி அமைந்த தொழில் கொஞ்சம்தான், லெருவா (ராஜா) போலத் தொழிலைக் குறிக்காமல் கேலியாக வைத்த பெயர்களைத் தள்ளிவிட்டால் மாவு அரைக்கிறவர், ரொட்டி சுடுகிறவர், ஊர்க்கணக்கு எழுதுகிறவர் என்று நாலைந்துதான் தேறும், அவை எல்லாமே பட்டியலில் மேலே இருக்கின்றன பாருங்கள். ரொட்டி அடுப்புக்காரரின் பெயரான ஃபூர்னியே முதல் இருபதை ஒட்டி வரும்.

மாமாவின் கேள்விக்கும் இதுதான் பதில். பெயர் ஒரே இடத்தில் பிறந்து பரவவில்லை, நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாகப் பிறந்தது. ரூபேயில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இரண்டு லெஃபேவ்ர்கள் பி உட்பட ஒரே மாதிரி எழுதினாலும் உறவாக இருக்கவேண்டியதில்லை. உண்மையான அண்ணன் தம்பி வழிவந்தவர்கள் வெவ்வேறு மாதிரி எழுதுவதும் உண்டு.

---

கணக்கு வாத்தியார்:

பித்தன் சொன்னதோடு ஒரு கணக்கு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தகப்பன் வழியில் மட்டும் போனால், ஒவ்வொரு தலைமுறையிலும் மகன் இல்லாத வீடுகளில் பெயர் அறுந்துபோகும். ஒரே ஓர் ஊரில் தொடங்கிய அரிய பெயர் இப்படிச் சுலபமாக அழிந்துவிடும், நூறு ஊரில் தொடங்கிய பெயர் பத்து இடத்தில் அறுந்தாலும் கவலையில்லை. மார்ஷலின் கதையே நல்ல உதாரணம், அவர் கிளை பட்டுப்போனது, லெஃபேவ்ர் என்ற பெயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பெயர் எப்படி அழியும் என்பதைக் கணக்காகப் போட்டவர் என்று பிரான்சிஸ் கால்ட்டனைத்தான் எல்லாரும் சொல்வார்கள், 1870-களில். ஆனால் பிரெஞ்சுக்காரர் பியேனெமே 1845-லேயே அதைச் செய்துவிட்டார், யாரும் கவனிக்கவில்லை, பாவம்.

பிரான்சில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு குடும்பப்பெயர்கள் பதிவாகியிருக்கின்றன, அதில் பெரும்பகுதி ஒரு கைப்பிடி ஆட்கள் மட்டும் வைத்திருப்பவை. லெஃபேவ்ர் காணாமல் போகுமோ என்ற பயம் நம் பேரப்பிள்ளைகளுக்குத் தேவையில்லை.

---

மொன்ரியால் குளிர்:

இங்கே கெபெக்கிலும் லெஃபேவ்ர் ஏராளம், பதினேழாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர்களின் பெயர். கடைசி ஆர்-ஐ விழுங்கிவிட்டு லெஃபேவ் என்பார்கள். பிரெஞ்சில் ஃபேவ் என்றால் அவரைக்கொட்டை, அதனால் இங்கிருந்து அமெரிக்க ஆலைகளுக்கு வேலைக்குப் போன சில குடும்பங்கள் அங்கே தங்கள் பெயரை ஆங்கிலத்தில் பீன் என்று மாற்றிக்கொண்டன. கொல்லன் வீட்டுப் பிள்ளை அவரைக்கொட்டை ஆன கதை. சிலர் லஃபேவ் என்று எழுதிக்கொண்டார்கள்.

கத்தோலிக்கர்கள் மட்டும் இல்லை, மதக்கொடுமைக்குத் தப்பி ஓடிய ஹியூகனோ புரொட்டஸ்டண்ட் லெஃபேவ்ர்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் நியூ பால்ட்ஸ் ஊரை 1670-களின் கடைசியில் நிறுவிய குடும்பங்களில் ஒன்று அது. தெற்கத்தி ஃபாவ்ர் அமெரிக்காவில் ஃபார்வ் என்று தலைகீழாகிவிட்டது, அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு பிரெட் ஃபார்வைத் தெரிந்திருக்கும்.

---

ரூபே மாமா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். மார்ஷலுக்கு வாரிசு இல்லை என்றதும் சம்பந்தி ஒன்றும் பேசவில்லை, சீஸ் தட்டை மட்டும் நகர்த்தினார். கொல்லன் என்றதும் சம்பந்தியம்மா கைதட்டினார், அவர் பெயர் தெ ஸ்மெத். அவரும் கொல்லன்தான் என்று வரைபடக்காரி எழுதியதை நான் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டியிருந்தேன், அவன் போட்டு உடைத்துவிட்டான்.

இன்னொரு விஷயம். மகள் ஆறு மாதம். குழந்தைக்கு லெஃபேவ்ர்தான் என்று அவர்கள் எல்லாரும் முடிவாக இருக்கிறார்கள், மகளுக்குத் தன் பெயரும் சேரவேண்டும் என்று ஆசை. கல்யாணத்தோடு அவள் பெயரே மாறிவிட்டது, இனி எப்படி என்கிறார் சம்பந்தி.

---

வரைபடக்காரி:

வாழ்த்துக்கள் மாமா! உங்கள் மகளின் பெயர் மாறவில்லை. பித்தன் சொன்ன 1794 சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது, பிறப்புப் பதிவில் உள்ள பெயர்தான் சட்டப்படி அவள் பெயர், கணவன் பெயர் வெறும் பயன்பாட்டுப் பெயர், வைத்துக்கொள்ளலாம், விடலாம்.

குழந்தைக்கு 2005 ஜனவரி 1 முதல் அப்பா பெயர், அம்மா பெயர், அல்லது இரண்டும் எந்த வரிசையிலும் கொடுக்கலாம். இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டு, பிறப்பைப் பதியும்போது நகராட்சியில் கொடுக்கவேண்டும். எதுவுமே கொடுக்காவிட்டால் கல்யாணமான தம்பதிக்கு அப்பா பெயர்தான் விழும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் முன்கூட்டியே தெரிவித்தால் இரண்டு பெயரும் அகரவரிசையில் போகும், அது 2013-இல் வந்தது. முதல் குழந்தைக்கு வைப்பதுதான் அதே தம்பதியின் அடுத்த குழந்தைகளுக்கும், ஆகவே இப்போதே யோசித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் இரண்டு பெயருக்கு நடுவே இரட்டைக்கோடு போடவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை மூலம் கட்டாயப்படுத்தினார்கள், 2009-இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கொன்செய் தேத்தா அது செல்லாது என்றது. இப்போது வெறும் இடைவெளி.

குழந்தை வளர்ந்து பெரியவனானபின் பிடிக்காவிட்டால் 2022 ஜூலையிலிருந்து இன்னொரு வழியும் இருக்கிறது. பதினெட்டு வயதானவர்கள் வாழ்நாளில் ஒருமுறை, அம்மா பெயருக்கோ அப்பா பெயருக்கோ இரண்டுக்குமோ மாற நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்தால் போதும், ஒரு மாதம் கழித்து நேரில் போய் உறுதிசெய்யவேண்டும். காரணம் சொல்லவேண்டியதில்லை.

---

பதிவேட்டுப் பித்தன்:

சம்பந்தி மனம் தளர்ந்திருந்தால் அவரையே தேட வையுங்கள் மாமா, நோர் மாவட்ட ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகள் இணையத்தில் இலவசம். பிறப்பும் திருமணமும் 75 வருடம் கடந்தவை திறந்திருக்கும். அவருடைய தாத்தாவின் பிறப்புப் பதிவிலிருந்து ஆரம்பிக்கட்டும், ஓரத்தில் எழுதியிருக்கும் குறிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், 1897-க்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால் எங்கே, எப்போது, யாரோடு என்று அங்கே இருக்கும். கல்யாணப் பதிவு கிடைத்தால் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும் கிடைக்கும், அங்கிருந்து ஒரு படி மேலே. பத்தாண்டு அட்டவணைகள் இருப்பதால் பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டாம்.

ஆனால் லெஃபேவ்ர் போன்ற பெயரில் நேராகத் தேடினால் பைத்தியம் பிடிக்கும், ஒரே ஊரில் ஒரே பத்தாண்டில் நாலு ழான்-பத்தீஸ்த் லெஃபேவ்ர் கிடைப்பார்கள். மனைவிமார் பெயரைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும், அதில் ஏதாவது ஒன்று அரிய பெயராக இருக்கும். எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுத் தேடவேண்டும், பி இல்லாததையும்தான். கிளை பாரிஸுக்குப் போய்விட்டால் மட்டும் கஷ்டம். 1860-க்கு முந்தைய பாரிஸ் பதிவேடுகளின் இரண்டு பிரதிகளும் 1871 மே மாதம் பாரிஸ் கொம்யூன் என்ற எழுச்சியின் கடைசி வாரத் தீயில் எரிந்துபோயின, மீட்டு எழுதியது சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.